அண்ணனின் அறிக்கையில் இருக்கும் அந்த 0.9

வாசகர் கேள்வி:

என் அண்ணனுக்கு வயது 46. தனியாக வசித்தார். முதுகு நரம்பு வலிக்காக நான்கு வருடங்களாகத் தினமும் இரவு அமிட்ரிப்டிலின் 50 மில்லிகிராம் எடுத்துவந்தார். இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, மனம் சோர்ந்திருக்கிறது என்று வேறொரு டாக்டரிடம் போனார். அவர் ஃபுளுவாக்சிட்டின் கொடுத்தார். கோடைக்காலத்தில் ஒரு நாள் போனை எடுக்கவில்லை என்று போய்க் கதவைத் திறந்து பார்த்தபோது, அண்ணன் படுக்கையில் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

நான்கு மாதம் கழித்து நச்சியல் அறிக்கை வந்தது. இதய ரத்தத்தில் அமிட்ரிப்டிலின் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம், நார்ட்ரிப்டிலின் 0.8 மில்லிகிராம், 'நச்சு அளவு'. எத்தனால் 100 மில்லிலிட்டருக்கு 38 மில்லிகிராம். சிறுநீரில் ஆம்ஃபெட்டமின் வகை முதற்கட்டச் சோதனையில் பாசிட்டிவ், உறுதிப்படுத்தும் சோதனையில் இல்லை. இரைப்பைப் பொருளில் அமிட்ரிப்டிலின் உண்டு. இவ்வளவுதான். பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக்குழாய் ஒன்றில் 70 சதவீத அடைப்பு இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள்.

அண்ணன் குடிக்கவே மாட்டார். ஆனால் சொந்தக்காரர்கள், குடித்துவிட்டு மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிட்டார், போதைப்பொருளும் இருந்திருக்கிறது என்று பேசுகிறார்கள். அந்த எண்ணிலிருந்து எத்தனை மாத்திரை என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா? இனிமேல் மறுபடி சோதித்தால் பயன் உண்டா? அம்மா தினமும் கேட்கிறார், அவருக்கு நான் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அண்ணனை இழந்த துக்கத்தோடு, ஒரு தாளில் இருக்கும் நான்கைந்து எண்களையும் தூக்கிச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த எண்களின் எடை எவ்வளவு என்று சொல்வதுதான் என் வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இறந்தவர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் மருந்துகளைத் தேடுவதுதான் என் தொழில்.

நீங்கள் எழுதியிருக்கும் அறிக்கையிலிருந்து, உங்கள் அண்ணன் மாத்திரைகளை மொத்தமாக விழுங்கினார் என்று யாராலும் சொல்ல முடியாது. விழுங்கவே இல்லை என்றும் அதே அறிக்கையை வைத்து நான் உறுதி சொல்ல முடியாது. கேட்க வேண்டிய சில கேள்விகள் இன்னும் கேட்கப்படவில்லை. அவற்றை யாரிடம், எப்படிக் கேட்பது என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் 'இதய ரத்தத்தில்' என்ற சொல்லைப் பாருங்கள். உங்கள் அறிக்கையில் இருப்பதிலேயே முக்கியமான சொல் அதுதான். எல்லோரும் 0.9-ஐப் பார்க்கிறார்கள், அது எங்கிருந்து எடுத்த ரத்தம் என்று பார்ப்பதில்லை.

உயிரோடு இருக்கும் ஒருவரின் கையில் குத்தினாலும் காலில் குத்தினாலும் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரே ரத்தம்தான், ஏனென்றால் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. இதயம் நின்றதும் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ஆனால் மருந்து நிற்பதில்லை. அமிட்ரிப்டிலின் கொழுப்பில் எளிதாகக் கரையும், காரத்தன்மை உள்ள பொருள். உயிரோடு இருக்கும்போதே அது ரத்தத்தில் தங்குவது மிகக் குறைவு. பெரும்பகுதி நுரையீரலிலும் கல்லீரலிலும் இதயத் தசையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். இறந்த பிறகு திசுக்களில் அமிலத்தன்மை ஏறுகிறது, செல்களின் சுவர்கள் சிதைகின்றன, உள்ளே பிடித்துவைத்திருந்த மருந்து மெல்ல வெளியே கசிகிறது. நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் நடுவில் தேங்கி நிற்கும் இதய ரத்தம் அதை வாங்கிக்கொள்கிறது. இதற்கு மரணத்துக்குப் பிந்தைய மறுபரவல் என்று பெயர். சாப்பிட்ட மாத்திரை அதேதான், ஆனால் இறந்து சில மணி நேரத்திலேயே இதய ரத்தத்தின் அளவு ஏறத் தொடங்கிவிடும். மூன்று நாள் ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரே உடலிலிருந்து இரண்டு குப்பிகள் வந்தன. ஒன்றில் இதய ரத்தம், மற்றொன்றில் தொடைச் சிரையிலிருந்து எடுத்த ரத்தம். இரண்டிலும் இதே வகை மருந்துதான். இதய ரத்தத்தின் அளவு தொடை ரத்தத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. குப்பியை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று பயந்து மறுநாள் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். அதே விடைதான் வந்தது. என் மேலதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, "இரண்டும் சரிதான். நீ ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாய் என்று யோசி" என்றார். ஒரே ஒரு இதய ரத்த எண்ணோடு ஒரு அறிக்கை என் கையெழுத்துக்கு வரும்போதெல்லாம் அந்த இரண்டு குப்பிகள் நினைவுக்கு வரும்.

அதனால்தான் தொடைச் சிரையில், மேலே கட்டுப்போட்டு, கீழ்ப்பக்கத்து ரத்தத்தை மட்டும் எடுப்பது நல்ல முறை. உறுப்புகளிலிருந்து தூரத்தில் இருப்பதால் அங்கே கலப்படம் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒப்பிட்டால் அதுதான் நம்பகமானது. உங்கள் அண்ணனுக்குத் தொடை ரத்தம் எடுத்தார்களா என்பது என் முதல் கேள்வி. உடல் அழுகத் தொடங்கியிருந்தால் கிடைக்காமலும் போயிருக்கலாம். அப்படியானால் அதை எழுதியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் 0.9-ஐ மூன்றால் வகுத்துவிடலாமா என்று நீங்கள் நினைக்கலாம். வேண்டாம். இந்த மடங்கு உடலுக்கு உடல் மாறும், நாளுக்கு நாள் மாறும், உடல் எப்படிக் கிடந்தது என்பதைப் பொறுத்தும் மாறும். வகுத்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

அடுத்து அந்த 'நச்சு அளவு' என்ற இரண்டு சொற்கள். சிகிச்சையில் இருப்பவர்களின் ரத்தத்தில் அமிட்ரிப்டிலினும், உடலுக்குள் அதிலிருந்து உண்டாகும் நார்ட்ரிப்டிலினும் சேர்ந்து லிட்டருக்கு 0.08 முதல் 0.2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது வழக்கமான வரம்பு. அண்ணனின் இரண்டு எண்களையும் கூட்டினால் 1.7. அட்டவணையைப் பார்த்து யாரோ 'நச்சு' என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த அட்டவணை உயிரோடு இருப்பவர்களின் கை நரம்பில் எடுத்து, செல்களைப் பிரித்த தெளிந்த நீரில் அளந்தது. மூன்று நாள் கழித்து இதயத்தில் தேங்கிய முழு ரத்தத்துக்கு அதை அப்படியே பொருத்துவது தவறு. என் மாணவர்களிடம் நான் மிகக் கடுமையாகப் பேசுவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். இரண்டு மாதம் முன்பு ஃபுளுவாக்சிட்டின் சேர்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அமிட்ரிப்டிலினைக் கல்லீரல் இரண்டு வழிகளில் கையாளுகிறது. ஒரு நொதி அதை நார்ட்ரிப்டிலினாக மாற்றுகிறது. சிஒய்பி2டி6 என்ற இன்னொரு நொதி அமிட்ரிப்டிலினையும் நார்ட்ரிப்டிலினையும் செயல் குறைந்த பொருட்களாக மாற்றி வெளியே அனுப்ப உதவுகிறது. ஃபுளுவாக்சிட்டின் இந்த இரண்டாவது நொதியைப் பலமாகத் தடுக்கும். வாசலை அடைத்துவிட்டால் உள்ளே கூட்டம் சேர்வது போல, தினமும் அதே 50 மில்லிகிராமைச் சாப்பிட்டுவந்தாலும் மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும். குறிப்பாக நார்ட்ரிப்டிலின் ஏறும். ஃபுளுவாக்சிட்டினும் அதன் உடைபொருளும் மெதுவாகத்தான் வெளியேறும், தடை வாரக்கணக்கில் நீடிக்கும். பிறவியிலேயே இந்த நொதி சரியாக வேலை செய்யாத மனிதர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வழக்கமான அளவே அதிகமாகிவிடும்.

இப்போது அறிக்கையின் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமிட்ரிப்டிலின் 0.9, நார்ட்ரிப்டிலின் 0.8. கிட்டத்தட்டச் சமம். நிறைய மாத்திரைகளை ஒரே நேரத்தில் விழுங்கி, சில மணி நேரத்தில் இறந்தவர்களிடம் பெரும்பாலும் மூலமருந்து பல மடங்கு அதிகமாகவும் உடைபொருள் குறைவாகவும் இருக்கும், ஏனென்றால் கல்லீரலுக்கு மாற்றுவதற்கு நேரம் கிடைத்திருக்காது. இரண்டும் சமமாக இருப்பது, மருந்து நாள்கணக்கில் உடலில் சேர்ந்திருந்தது என்ற பக்கமாகத்தான் சாய்கிறது. இதை நான் தீர்ப்பாகச் சொல்லவில்லை. விழுங்கிய பிறகு வெகுநேரம் உயிரோடு இருந்தவர்களிடமும் இந்த விகிதம் மாறும், நார்ட்ரிப்டிலினும் இறந்த பிறகு இடம் மாறும் பொருள்தான். ஆனாலும் சொந்தக்காரர்கள் சொல்லும் கதைக்கு இந்த எண்கள் ஆதரவாக இல்லை. அறிக்கை எழுதியவர் இந்த விகிதத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அண்ணன் ஃபுளுவாக்சிட்டின் சாப்பிட்டுவந்தார் என்றால் அது ரத்தத்தில் இருந்தே தீரும். உங்கள் அறிக்கையில் அந்தப் பெயரே இல்லை. அவர் சாப்பிடாமல் விட்டிருக்கலாம், அல்லது ஆய்வகம் அதைத் தேடாமல் விட்டிருக்கலாம். எங்கள் கருவிகள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எந்தெந்தப் பொருட்களைத் தேடினோம், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் கண்ணில் படாது என்ற பட்டியல் ஒவ்வொரு ஆய்வகத்திலும் இருக்கும். அந்தப் பட்டியலில் ஃபுளுவாக்சிட்டின் இருந்ததா என்று கேளுங்கள். அண்ணன் என்னென்ன மருந்து எடுத்துவந்தார் என்ற தகவல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அது அடிக்கடி நடப்பதுதான்.

சரி, எத்தனை மாத்திரை என்ற கணக்குக்கு வருவோம். இறந்தவரின் ரத்த அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு மாத்திரை எண்ணிக்கை சொல்ல முடியாது. மருந்து திசுக்களில் எவ்வளவு போய்ச் சேர்ந்திருந்தது, எத்தனை மணி நேரம் ஆனது, கல்லீரல் எவ்வளவு வேகமாக வேலை செய்தது, இறந்த பிறகு எவ்வளவு கசிந்தது, இவற்றில் ஒன்றுகூட நமக்குச் சரியாகத் தெரியாது. தெரியாத நான்கைப் பெருக்கி ஒரு எண்ணைச் சொன்னால் அது வெறும் ஊகம். யாராவது 'முப்பது மாத்திரை' என்று சொன்னால், எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றி ஏதாவது சொல்லக்கூடிய இடம் இரைப்பைதான், அதுவும் மொத்த அளவைச் சொன்னால் மட்டும். 'இரைப்பைப் பொருளில் அமிட்ரிப்டிலின் உண்டு' என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. தினமும் இரவில் மாத்திரை போடுபவரின் இரைப்பையில் அது இருக்கத்தான் செய்யும். ஊசி வழியாகப் போன காரத்தன்மை உள்ள மருந்துகூட ரத்தத்திலிருந்து இரைப்பையின் அமிலத்துக்குள் இறங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும். கேட்க வேண்டியது இதுதான்: இரைப்பையில் மொத்தம் எவ்வளவு திரவம் இருந்தது, அதில் மருந்தின் அளவு என்ன? எடுத்துக்காட்டாக, 200 மில்லிலிட்டர் திரவத்தில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றால் மொத்தம் 4 மில்லிகிராம்தான். அது அவர் தினமும் சாப்பிட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே 200 மில்லிலிட்டரில் நூறு மடங்கு செறிவு இருந்தால் கதை வேறு. மாத்திரைத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரிந்தனவா என்பதையும் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் குறித்திருப்பார்.

அடுத்தது எத்தனால், அதாவது சாராயம். குடிக்காத மனிதரைக் குடித்துவிட்டுச் செத்தார் என்று சொல்வது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாராயம் என்பது சர்க்கரையை நுண்ணுயிர்கள் நொதிக்க வைப்பதால் உண்டாவது. இறந்த உடலில் சர்க்கரையும் இருக்கிறது, குடலில் இருந்து வெளியே பரவும் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டும் இருக்கின்றன, கோடைக்காலமென்றால் வெப்பமும் இருக்கிறது. மூன்று நாளில் அந்த உடலின் ரத்தத்தில் எத்தனால் தானாக உண்டாவது சாதாரணம். 100 மில்லிலிட்டருக்கு 38 மில்லிகிராம் என்பது அப்படி உண்டாகக்கூடிய அளவுதான். சில உடல்களில் இதைவிடப் பல மடங்கு அதிகமாகவும் உண்டாகும். ஆகவே இந்த எண்ணை மட்டும் வைத்து 'குடித்திருந்தார்' என்று எழுதுவது தவறு.

குடித்ததா, உடலே உண்டாக்கியதா என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் வழிகள் உண்டு. முதலாவது கண். விழிக்குள்ளே விட்ரியஸ் என்ற கூழ் போன்ற திரவம் இருக்கிறது. ஒரு கண்ணில் இரண்டு மூன்று மில்லிலிட்டர் எடுக்கலாம். அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, குடலிலிருந்தும் வெகுதூரம், அதனால் கிருமிகள் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். உயிரோடு இருந்தபோது குடித்திருந்தால் விழிக்கூழிலும் எத்தனால் இருக்கும், ரத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம். ரத்தத்தில் 38 இருந்து விழிக்கூழில் ஒன்றுமே இல்லையென்றால், அது இறந்த பிறகு உண்டானது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டாவது சிறுநீர். சர்க்கரை நோய் இல்லாதவரின் சிறுநீரில் நொதிக்கச் சர்க்கரையே கிடையாது, அதனால் அங்கே எத்தனால் தானாக உண்டாவது அரிது. அண்ணனின் சிறுநீர் ஆய்வகத்தின் கையில் இருந்திருக்கிறது, அதில்தானே ஆம்ஃபெட்டமின் பார்த்திருக்கிறார்கள்! அதே குப்பியில் எத்தனாலையும் பார்த்தார்களா? பார்த்திருந்தால் விடை என்ன? பார்க்கவில்லையென்றால் ஏன்? இந்தக் கேள்வியை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, எத்தைல் குளுக்குரோனைடு, எத்தைல் சல்ஃபேட் என்ற இரண்டு பொருட்கள். குடித்த எத்தனாலின் ஒரு சிறு பங்கை உயிரோடு இருக்கும் கல்லீரல் இப்படி மாற்றும். அழுகலின்போது பாக்டீரியா உண்டாக்கும் சாராயத்தோடு இவை வருவதில்லை. குளுக்குரோனைடைக் கிருமிகள் தின்றுவிடக்கூடும் என்பதால் சல்ஃபேட்டையும் சேர்த்துப் பார்ப்போம். இரண்டும் இல்லையென்றால் அண்ணன் குடிக்கவில்லை என்ற உங்கள் சொல்லுக்கு வலுவான சாட்சி கிடைத்துவிடும். எத்தனாலோடு சேர்ந்து நார்மல் புரோப்பனால் என்ற பொருள் தென்பட்டால் அதுவும் அழுகலின் அடையாளம்தான். எத்தனால் பார்க்கும் கருவியின் வரைபடத்திலேயே அது தெரியும், அந்தப் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் போதும்.

இதோடு ரத்தக் குப்பியில் சோடியம் ஃபுளோரைடு போட்டார்களா என்றும் கேளுங்கள். ஒன்று அல்லது இரண்டு சதவீதம் போட்டால் குப்பிக்குள் கிருமி வேலை செய்வது அடங்கும். போடாமல், குளிரூட்டாமல் நாள்கணக்கில் வைத்திருந்தால், உடலில் உண்டாகாத சாராயம் குப்பியில் உண்டாகிவிடும்.

ஆம்ஃபெட்டமின் விஷயத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். முதற்கட்டச் சோதனையில் எதிர்ப்புரதங்களைப் பயன்படுத்துகிறோம். அவை ஒரு மூலக்கூறின் முகத்தை மேலோட்டமாகப் பார்த்துக் கை தூக்குபவை. சாயலில் ஒத்துப்போகும் எதற்கும் கை தூக்கிவிடும். உடல் அழுகும்போது புரதங்கள் சிதைந்து ஃபீனைல்எத்திலமின், டைரமின் போன்ற பொருட்கள் உண்டாகின்றன, அவற்றின் சாயல் ஆம்ஃபெட்டமினைப் போன்றது. சில சளி மாத்திரைகளுக்கும் அது கை தூக்கும். அதனால்தான் இரண்டாம் கட்டம் இருக்கிறது. குரோமட்டோகிராபியில் பொருட்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்ப்போம். வெளியே வரும் நேரமும் துண்டுகளின் எடையும் இரண்டுமே பொருந்தினால்தான் 'உண்டு' என்று எழுதுவோம். அண்ணனுக்கு இரண்டாம் கட்டத்தில் இல்லை என்று வந்துவிட்டது. அப்புறம் என்ன? ஆம்ஃபெட்டமின் இல்லை, அவ்வளவுதான். அந்த 'பாசிட்டிவ்' என்ற சொல்லை அறிக்கையில் விளக்கமில்லாமல் விட்டது எங்கள் துறையின் கெட்ட பழக்கம். ஒரு குடும்பம் அந்தச் சொல்லைப் படித்தால் என்ன ஆகும் என்று எழுதுபவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான்கு மாதம் ஆனதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வருத்தம் தெரிகிறது. கருவியில் ஒரு மாதிரி ஓடச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் அழுகிய ரத்தத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுப்பதும், அளவு தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிடுவதும், சந்தேகம் வந்தால் திரும்பச் செய்வதும், இன்னொருவர் சரிபார்ப்பதும் நாள்களை விழுங்கும். மீதிக் காலமெல்லாம் வரிசையில் காத்திருந்ததுதான். அது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

இனி சோதித்தால் பயன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் நாள் கடத்தாதீர்கள். திசுக்கள் மருந்தை நீண்ட நாள் பிடித்துவைத்திருக்கும். இங்கிலாந்தில் ஹரோல்ட் ஷிப்மன் என்ற மருத்துவரின் குற்றம் 1998-ல் வெளிப்பட்டது இப்படித்தான். இயற்கை மரணம் என்று புதைக்கப்பட்ட ஒரு மூதாட்டியின் உடலை ஐந்து வாரம் கழித்துத் தோண்டியெடுத்துத் தசையைச் சோதித்தபோது மார்பின் கிடைத்தது. 2000-ல் பதினைந்து கொலைகளுக்காக அவருக்குத் தண்டனை கிடைத்தது. மண்ணுக்குள் இருந்த தசையே அவ்வளவு நாள் பேசும் என்றால், உறைநிலையில் ஒழுங்காக வைத்திருக்கும் மாதிரியில் அமிட்ரிப்டிலினைத் தேடுவது பெரிய காரியம் இல்லை. எத்தனாலுக்கு மட்டும் காலம் எதிரி, எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஆய்வகங்கள் மாதிரிகளை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. குறிப்பிட்ட காலம் முடிந்ததும் அழித்துவிடுவார்கள். ஆகவே இந்த வாரமே பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவருக்கும், விசாரணை அதிகாரிக்கும், ஆய்வகத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். முதல் வரியில், மீதமிருக்கும் மாதிரிகளை அழிக்க வேண்டாம் என்று கேளுங்கள். அதன் பிறகு மற்றவை. தொடை ரத்தம் எடுக்கப்பட்டதா, இருந்தால் அதில் அமிட்ரிப்டிலின் எவ்வளவு என்று கேளுங்கள். கல்லீரல் துண்டு வைத்திருந்தால் அதிலும் அளவு பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தைவிடக் கல்லீரலின் அளவு இறந்த பிறகு அதிகம் ஆடாது, இந்த வகை மருந்துக்கு அது நல்ல சாட்சி. எந்தப் பக்கத்துத் துண்டு என்றும் கேளுங்கள். இடது பக்கம் இரைப்பையை ஒட்டி இருப்பதால் அங்கிருந்து மருந்து ஊறிவிடும், வலது பக்கத்தின் உட்பகுதியே நல்லது. ஃபுளுவாக்சிட்டின் தேடப்பட்டதா, விழிக்கூழ் எடுத்தார்களா, சிறுநீரில் எத்தனால் என்ன, இரைப்பையின் மொத்த அளவு என்ன என்பவையும் இருக்கட்டும். அண்ணனின் இரண்டு மருந்துச் சீட்டுகளின் நகலையும் இணைத்துவிடுங்கள். இரண்டும் இரண்டு வேறு மருத்துவர்கள் எழுதியவை என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

வேதியியல் சொல்லாததை வீடு சொல்லும். அண்ணன் கடைசியாக மாத்திரை வாங்கிய ரசீது கிடைக்கிறதா பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து இறந்த நாள் வரை எண்ணி, எத்தனை மாத்திரைகள் மீதி இருக்க வேண்டும், எத்தனை இருந்தன என்று ஒப்பிடுங்கள். விசாரணையில் கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் மாத்திரை அட்டைகள் இருந்தால் அவற்றில் எத்தனை கண்கள் காலி என்றுகூடக் குறித்திருப்பார்கள். நான் பார்த்த வழக்குகளில் பாதிக்கு மேல், விடை என் கருவியிலிருந்து வரவில்லை, இப்படிப்பட்ட எண்ணிக்கைகளிலிருந்துதான் வந்தது.

இதயத்தை மறக்க வேண்டாம். 70 சதவீத அடைப்பு என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த அடைப்பு மட்டுமே ஒரு மனிதரைத் தூக்கத்தில் கொண்டுபோகக்கூடும். அமிட்ரிப்டிலின் வகை மருந்துகள் இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிப்பவை, அளவு ஏறும்போது துடிப்பின் ஒழுங்கு கெடும். ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயத்தில், இரண்டாவது மருந்தால் முதல் மருந்து சேர்ந்துகொண்டே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிரேதப் பரிசோதனை மருத்துவர் யோசிக்க வேண்டும். மரணத்துக்குக் காரணம் என்ன என்று சொல்வது அவர் வேலை. நாங்கள் அளவைச் சொல்வோம், விளக்கத்துக்கு உதவுவோம். அவருடைய இறுதிக் கருத்து இந்த நச்சியல் அறிக்கை வருவதற்கு முன்னால் எழுதப்பட்டதா, பின்னால் எழுதப்பட்டதா என்று பாருங்கள். இரண்டு அறிக்கைகளையும் ஒரே மேசையில் வைத்து ஒருவர் படித்தாரா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுசோதனையில் தொடை ரத்தத்திலும் கல்லீரலிலும் அளவு மிக அதிகமாக வரலாம், மாத்திரைக் கணக்கும் உதைக்கலாம். அப்படி வந்தால் அதையும் நீங்கள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். அப்போதும்கூட, அவர் மனதில் என்ன இருந்தது என்று எந்த ரத்தமும் சொல்லாது. வலி தாங்காமல் கூடுதலாக ஒன்றிரண்டு போட்டாரா, போட்டதை மறந்து மறுபடி போட்டாரா, வேறு நினைத்தாரா என்பதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்க முடியாது. எந்த விடை வந்தாலும், அதைக் கேட்கும் அன்று நீங்கள் தனியாக இருக்காதீர்கள், யாரையாவது உடன் அழைத்துப் போங்கள்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்களே. அறிக்கையில் உள்ளதையே சொல்லுங்கள்: "அண்ணன் உடம்பில் இருந்தது டாக்டர் கொடுத்த மருந்து. ஆம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள் இல்லை என்று சோதித்து எழுதியிருக்கிறார்கள். சாராயம் என்று சொன்னது, இறந்த பிறகு உடம்பிலேயே உண்டானதாக இருக்கலாம். மருந்து ஏன் அதிகமாக இருந்தது என்று கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கடிதத்தை அனுப்பிவிட்டு வந்து இதைச் சொல்லுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.